இரண்டு பக்கமும் திறந்த சுரங்கம்

அந்த ஆலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘சுவர்’. முந்நூற்றுப் பன்னிரண்டு கணினிகளை ஒன்றோடொன்று கோத்து, வெளியிலிருந்து எவனும் உள்ளே நுழையாமல் காப்பது அவள் வேலை. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையில் ஒட்டிவைத்திருந்த ஸ்டோர் கிளார்க்கின் சீட்டைப் பிய்த்து, அவருடைய டீ டம்ளரிலேயே போட்டவள். “குடிங்க சார். வயித்துக்குள்ள இருந்தா எவனும் திருட மாட்டான்.”

கணினிக்கு ஒரு முகவரி, முகவரிக்குப் பல கதவு, வேண்டிய கதவைத் தவிர மற்றதைச் சாத்து, உள்ளே இருக்கிறவன்தானே என்று ஒருத்தனையும் நம்பாதே. பதினாறு வருஷமாக அவள் வாயில் இதே பாட்டு.

தன் வீட்டில் மட்டும் அதை மறந்துவிட்டாள்.

தங்கையைக் கட்டியவன் லாரிப் பட்டறைக்காரன். பட்டறையும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள். அங்கே நாலு கேமராவும் பதிவுப்பெட்டியும் மாட்டிக்கொடுத்தவள் அவள்தான். ஏதாவது மக்கர் செய்தால் இங்கிருந்தே சரிசெய்யலாமே என்று, இரண்டு வீட்டு ரவுட்டருக்கும் நடுவே இணையத்துக்குள் ஒரு சுரங்கம் போட்டாள். வெளியாட்களுக்கு அது தெரியாது. உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வீடும் ஒரே வீடு.

ஒன்பது நாளைக்கு முன்னால் தங்கை வந்து கதவைத் தட்டினாள். வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கியிருந்தது. இடது கை மூடியே இருந்தது. விரித்துப் பார்த்தால், உள்ளங்கையில் ஒரு பல்.

தங்கை எங்கே என்று போனில் கேட்டவனிடம் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவள் புகார் கொடுக்கப் போனாள். “படியில விழுந்துட்டா, கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிட்டா” என்று ஸ்டேஷனில் முந்திக்கொண்டு சொல்லியிருந்தான் மாப்பிள்ளை. கேமரா? ரிப்பேராம். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். “சாட்சி கொண்டாங்கம்மா, பார்க்கலாம்.”

சாட்சி பதிவுப்பெட்டிக்குள் இருந்தது. ஆனால் அன்றிரவே அவன் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டிருந்தான். பத்து நாள் ஆனால் பெட்டி பழசைத் தானே அழித்துவிடும். அவள் தினமும் கணினியிலிருந்து அந்தப் பெட்டியின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலே இல்லை. எப்போதாவது பிளக்கைப் போடுவான் என்று தன் பக்கத்துச் சுரங்க வாயைத் திறந்தே வைத்திருந்தாள். அது வழியாக அவனும் பார்க்கலாம் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஹாலில் தங்கைக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“என்ன அண்ணி, எங்க இருக்கான்னே தெரியாதுன்னீங்க? இடது கையால சாப்பிடப் பழக்குங்க. நாளைக்கு அதுவும் இருக்குமோ இல்லையோ.”

அவள் நிமிர்ந்தாள். ஹால் மூலையில், பாதுகாப்புக்கென்று அவளே மாட்டிய கேமராவின் பச்சைப் பொட்டு. டிவி பார்க்க அவன் பிளக்கைப் போட்டிருக்க வேண்டும். அவன் போனிலுள்ள கேமரா ஆப் தானாகவே தேடி, அவளுடைய ஹாலை அவன் வீட்டின் ஐந்தாவது அறையாகக் காட்டியிருக்கிறது.

“பிடுங்கிப் போடுக்கா!” என்று அலறினாள் தங்கை.

அவள் எழுந்துபோய் ரவுட்டர் ஒயரைப் பிடித்தாள். பிடுங்கவில்லை. கேமரா மேல் துண்டை வீசிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டி பதில் சொன்னது. தங்கை கை முறிந்த அந்தச் சாயங்காலம் அதற்குள் அப்படியே இருந்தது. இழுக்கப் பத்தொன்பது நிமிஷம் என்றது திரை.

“அவன் பைக்ல வரப் பதினஞ்சு நிமிஷம்.” தங்கையைப் பார்த்தாள். “கதவு நாலு நிமிஷம் தாங்கணும்டி.”

போலீசுக்குப் போன் போட்டாள். தங்கையையும் லேப்டாப்பையும் உள்ளறையில் விட்டாள். பீரோவைத் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். கையில் கிடைத்தது நீள ஸ்க்ரூ டிரைவர்.

முதல் உதையில் மேல் தாழ்ப்பாள் தெறித்தது.

“திறங்க அண்ணி. அடுத்தவன் பொண்டாட்டிய ஒளிச்சு வெக்க அசிங்கமா இல்ல?”

“அசிங்கமாத்தான் இருக்கு மாப்ள. உங்களுக்குக் கட்டிக்குடுத்தத நெனச்சா.”

மாடிப்படிக்குக் கீழே இருந்த மெயினை இறக்கினான். மின்விசிறி நின்றது. மேசைக்கடியில் யூபிஎஸ் பேட்டரி ஒருமுறை கீச்சிட்டது, ரவுட்டர் விளக்குகள் அணையவில்லை.

“எண்பத்தொண்ணு!” திரையில் ஏறும் சதவீதத்தை உள்ளறையிலிருந்து தங்கை கத்தினாள்.

வீல் ஸ்பேனர் கதவுப் பலகையைப் பிளந்தது. ஓட்டை வழியாக ஒரு கை நுழைந்து தாழைத் துழாவியது. அவள் ஸ்க்ரூ டிரைவரை அந்த உள்ளங்கையில் இறக்கினாள். மறுபுறம் வந்துவிட்டது. அவன் ஊளையிட்டான். கையை உருவிக்கொண்டு மொத்த உடம்பையும் கதவின் மேல் மோதினான். பீரோ சாய்ந்தது.

ஸ்பேனர் அவள் தோளில் விழுந்தது. காரை எலும்பு முறிகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. மயிரைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினான். இன்னொரு முறை. மூக்கு உடைந்து, வாயில் இரும்பு ருசி.

“தொண்ணூத்தாறு!”

“என்னடி எண்ணறே?” அவன் உள்ளறைப் பக்கம் திரும்பினான். தரையில் கிடந்தவள் உருண்டு போய் அவன் காலை ஒரு கையால் கட்டிக்கொண்டாள். விலாவில் உதைத்தான். விடவில்லை. இன்னும் உதைத்தான்.

“முடிஞ்சுதுக்கா!”

தங்கை லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். திரையில் அவனே. பட்டறை மேசைமேல் ஒரு கையை வைத்து, கம்பியை வளைக்கிற மாதிரி வளைக்கிறான். பதிவில் சத்தமும் இருந்தது. தன் சிரிப்பைத் தானே கேட்டு ஒரு நொடி நின்றான். பிறகு காலை உதறிக்கொண்டு உள்ளறைக்குள் பாய்ந்து, ஸ்பேனரை ஓங்கி லேப்டாப்பை இரண்டாகப் பிளந்தான். தங்கையின் மடியெல்லாம் கண்ணாடித் தூள்.

“உடைங்க மாப்ள.” தரையிலிருந்து அவள் ரத்தத்தைத் துப்பினாள். “வந்த ஒவ்வொரு துண்டும் ஆலை சர்வருக்கும் போயிருக்கு. ஒரே எடத்துல வெக்கறவளா நான்?”

மறுபடி ஓங்கினான். அதற்குள் படியிறங்கி வந்திருந்த மாடிவீட்டுக்காரர்கள் மூன்று பேர் பின்னாலிருந்து அவன் மேல் விழுந்தார்கள். ஓட்டை விழுந்த கையை ஒருத்தர் மிதித்தார். மிதித்தபடியே நின்றார், போலீஸ் வரும்வரை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து, பதிவைத் தன் போனில் பார்த்தார். பாதியில் நிறுத்தி, தண்ணீர் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

அவர் போனதும் அவள் ஆலையிலிருந்து வேறொரு லேப்டாப் வரவழைத்தாள். அவளுக்கு வலது தோளில் கட்டு. தங்கைக்கும் இடது கை மட்டும்தான். அக்கா சொல்லச் சொல்ல, தங்கை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சுரங்கத்தை மூடினாள்.

“இப்ப அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பாரு.”

தங்கை கூப்பிட்டாள். பதில் இல்லை.

“இன்னொரு தடவைக்கா” என்று தானே மறுபடி கூப்பிட்டாள்.