உப்பு ஜாடி இருந்த இடம்

அந்தத் தவக்காலம் முழுக்க நான் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில், இரண்டே அறை உள்ள வீட்டில், பதினோரு வருஷம் கூடவே இருந்தும் தெரியவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் மாதா கோயிலில் மூன்று நாள் தியானப் பிரசங்கம் கொடுக்க வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். "வருஷா வருஷம் கறியை விடுறீங்க. அதுவும் ஒரு பழக்கம்தானே? அடுத்து என்ன செய்யப்போறோம்னு உங்க கைகாலுக்கே தெரியாம நாற்பது நாள் இருந்து பாருங்க. அப்பத்தான் கடவுள் உள்ள வர வழி கிடைக்கும்" என்றார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் கிளம்பி, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்புகிறவன் நான். செபமாலை சொல்லும்போதுகூட வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு ஓவர்டைம் யாருக்குக் கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கும்.

சாம்பல் புதனன்று ஆரம்பித்தேன். இடது கையால் பல் தேய்த்தேன். சைக்கிளைத் தினம் ஒரு தெரு வழியாக விட்டேன். ஒரு நாள் அண்ணனூர் வரை சுற்றிப் போய், வேலைக்குத் தாமதமாகி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆர்வக்கோளாறு, வீட்டுக்குள்ளும் கை வைத்தேன். கட்டிலைத் திருப்பிப் போட்டேன். தண்ணீர்க் குடத்தை வாசல் பக்கம் நகர்த்தினேன். உப்பு ஜாடி, சாவி மாட்டும் ஆணி, துணிக்கொடி என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அது என்ன எதிர்பாராதது!

முதல் வாரமே அவள் கட்டில் காலில் இடித்துக்கொண்டாள். குடத்தைத் தட்டிவிட்டாள். ஒரு நாள் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது.

"இன்னாங்க இது, ஒரு சாமானும் வெச்ச எடத்துல இல்ல? சொல்லிட்டாவது மாத்தக் கூடாதா?"

"பாத்தியா, பழக்கத்துக்கு நீ எப்படி அடிமையாக் கீறேன்னு? கண்ணத் தொறந்து பாத்து நட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். நான் வேலைக்குப் போனபிறகு அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு வீடு முழுக்க நடந்து பார்ப்பாளாம். இது எங்கள் மகள் பிற்பாடு சொன்னது.

அவளுக்கென்று இருந்த ஒரே பெருமை, ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பது. பூந்தமல்லிக்காரி, பேச்சு எப்படி இருந்தாலும் வாசக மேடையில் ஏறினால் குரல் கணீரென்று இருக்கும். யாருக்கு எந்த வாசகம் என்று மாதத் தொடக்கத்திலேயே பட்டியல் எழுதி ஒட்டுவது என் வேலை. தன் முறை வரும் வாரம் அவள் மகளை அடுப்படியில் உட்காரவைத்து, அந்தப் பகுதியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, வரிவரியாகத் திருப்பிச் சொல்லுவாள். பக்தி என்று நினைத்தேன். மகளுக்குத் தமிழ் பழக்குகிறாள் என்றும் நினைத்தேன்.

தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு அவளுக்கு முதல் வாசகம் போட்டிருந்தேன். பூசைக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது எனக்கு அந்தப் புத்தி வந்தது.

"இன்னிக்கு மாத்திக்கலாம். முதலாவத ரெண்டாவது வாசகக்காரரு படிக்கட்டும், நீ ரெண்டாவது படி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க. நா முதலாவதுதான் தயார் பண்ணிகினு வந்தேன்."

"அதனாலதான் சொல்றேன். தயார் பண்ணாம படிச்சுப் பாரு."

பாடற்குழு பாட்டை எடுத்துவிட்டது. அவள் என் கையை விட்டாள்.

அவள் முறை வந்ததும் மெதுவாக மேடை ஏறினாள். புத்தகத்தின் மேல் குனிந்தாள். மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்தாள். கோயிலில் ஒருவர் இருமினார், இன்னொருவர் இருமினார். பிறகு அவள் நிமிர்ந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, தனக்கு மனப்பாடமாக இருந்த முதல் வாசகத்தையே சொல்ல ஆரம்பித்தாள். சற்று முன்புதான் எல்லோரும் கேட்டிருந்த அதே வாசகம். ஒரு சொல் பிசகாமல், அதே கணீர்க் குரலில் கடைசி வரை சொன்னாள். சொல்லி முடித்ததும் கோயிலே பழக்கத்தில் "இறைவா உமக்கு நன்றி" என்றது. பட்டியலைக் கையில் பிடித்தபடி, இறங்கி வருகிறவளின் கால் படியைத் தேடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் கேட்டேன். "எவ்ளோ நாளா?"

"பாப்பா பொறந்ததுலேருந்து. ஓரத்துலேருந்து கொஞ்சங் கொஞ்சமா மறைஞ்சிகினே வருது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்னிய ஒரு மூலைல உக்கார வெச்சிருவீங்க. ஊடு எனக்கு மனப்பாடம். அத வெச்சி சமாளிச்சிடலாம்னு இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கண் ஆஸ்பத்திரியில் விழித்திரை கெட்டுக்கொண்டே வருகிறது என்றார்கள். மருந்து இல்லை, கண்ணாடியாலும் பிரயோஜனம் இல்லை. "பழகிக்கோங்க" என்றார் டாக்டர். அவர் மேல் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம்.

அங்கிருந்து காட்டுப்பாக்கத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அந்த இரண்டு நாளில் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோனேன். கட்டில் சரி. குடம் சரி. உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். முன்பு அது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. பதினோரு வருஷம் அந்த உப்பைத் தின்றிருக்கிறேன், கண் நன்றாகத்தான் தெரிகிறது. மகளைக் கேட்டேன், அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. அலமாரியில் ஏதோ ஒரு தட்டில் வைத்தேன்.

அவள் வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனாள். போகிற வழியில் கட்டிலில் முழங்கால் இடித்தது. ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். அவள் அக்கா வீட்டுக்குப் போகும் முன் நான் ஜாடியை வைத்திருந்த இடம் அது. கை காலியாகத் துழாவியது.

"மறுபடியும் மாத்திட்டீங்களா? இப்பத்தானே இத கத்துக்கினேன்."

பழையபடி வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. "எங்க வெக்கட்டும், சொல்லு. எங்க சொல்றியோ அங்கயே வெக்கிறேன்."

"எங்கனா வைங்க. வெச்சிட்டு சொல்லுங்க, அது போதும்."

"உப்பு, எடது பக்கம், மேல்தட்டு, மொத ஜாடி" என்றேன்.

"உப்பு, எடது பக்கம், மேல்தட்டு, மொத ஜாடி" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.