யூத நடிகைக்கு ஒரு பூசை

வயதான காலத்தில் எனக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்துவிட்டதாக இந்த வாட்ஸ்அப் குழுவில் உள்ள அல் குசைஸ் பகுதித் தோழிகள் பேசிக்கொள்வது தவறு.

நேற்று இறந்த அந்த யூத நடிகையின் படம் எதையும் நான் பார்த்ததில்லை. காசாவில் குழந்தைகள் சாவதை எதிர்த்து, எண்பது வயதிலும் வாரந்தோறும் பதாகையோடு தெருவில் நின்றவர். சொந்த இனத்தவரே முகத்தில் துப்பினார்கள். துடைத்துவிட்டு நின்றார்.

இன்று மாதா கோவில் அலுவலகத்தில் அவர் ஆன்மாவுக்காகப் பூசை கேட்டேன்.

"ஆன்ட்டி, அவுக யூதர்லா? பூசை நோட்டுல எப்படி எழுத?" என்றாள் அங்கிருந்த தூத்துக்குடிப் பெண்.

"மாதாவும் யூதப் பெண்தான். எழுதும்மா."

"ஃபாதர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்."

ஃபாதர் மறுத்தாலும், வெள்ளி மாலை மாதா சிலை இருக்கும் கெபியின் முன் அவருக்காக ஜெபமாலை சொல்வேன். என் கணவர் இறந்தபோது அவருக்கு அதே இடத்தில் தனியாகத்தான் சொன்னேன்.

யார் வருகிறீர்கள்? வெறும் கைகூப்பும் எமோஜி வேண்டாம். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ எழுதுங்கள்.