யாருடையதுமல்லாத வலை

கடல்நீர் வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் கண்டல் மரங்கள் சூழ்ந்த ஓர் ஓடை இருக்கிறது. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது அங்கேதான். பிடிபடும் நண்டு வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போனதால், எங்கள் மாதர் சங்கம் ஊர் மீனவர்களைக் கூட்டிப் பேசியது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயும்வரை ஓடையில் யாரும் வலை போடக்கூடாது. மீறுகிறவர் சேற்றில் இறங்கிக் கண்டல் கன்று நட வேண்டும். எல்லோருக்கும் முந்திக் கை தூக்கியவர் என் கணவர். சங்கத் தலைவி என் மதினி, அவருக்கு மூத்த, கூடப்பிறந்த ராத்தா. தூக்காமல் இருக்க முடியுமா?

ஒரு காலை, சங்கம் நட்டிருந்த கன்றுகளை நானும் மதினியும் மற்றப் பெண்களும் பார்க்கப் போன இடத்தில் புத்தம் புது வலையொன்று கிடந்தது. சிக்கியிருந்த குஞ்சு நண்டுகளைக் கழற்றித் தண்ணீரில் விட்டோம். அப்போதுதான் மிதவைகளைக் கவனித்தேன். பழைய ரப்பர் செருப்பை வெட்டி மிதவை செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் இது பழைய செருப்பில்லை. ஊதாப் பூப்போட்ட என் செருப்பு. நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டதென்று என் கணவர் சொன்னதை நம்பி, பக்கத்து வீட்டு நாயை ஒரு கிழமையாகத் துரத்திக்கொண்டிருந்தேன்.

மதினியின் காதில் சொன்னேன். அவர் முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"நீ ஒண்டும் கதைக்காத புள்ள. அவனே வந்து கேக்கட்டும்."

வலையைச் சங்கக் கட்டட வாசலில் தொங்கவிட்டு, சொந்தக்காரர் வந்து எடுக்கலாம் என்று ஊரெல்லாம் சொன்னோம். என் கணவர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வானத்தை ஆராய்ந்துகொண்டு போனார். வீட்டில் சோறும் சரியாக இறங்கவில்லை. கேட்டால், "வெயில்" என்பார்.

பிறகு ஒரு பின்னேரம், அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மதினி வந்தார்.

"அந்த வலைக்கு ஆளில்ல. நாளைக்கு வெட்டி, கன்னுகள ஆடு திங்காம வேலி அடிப்பம். நல்ல கத்தி இரிக்கா புள்ள?"

என் கணவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "வெட்டவா? ராத்தா, அது புது வலை!"

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் என் வெறுங்காலைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு நாள்தான் போட்டன் ராத்தா..."

"என்ட செருப்பயும் ஒரு நாளைக்குத்தான் எடுத்தீங்களா?" என்றேன்.

மறுநாள் அவர் தொடையளவு சேற்றில் நின்று கன்று நட்டார். ஒரு கையில் கன்று, மறு கையில் சேறு இழுத்துக்கொண்டு போகப் பார்த்த இடுப்புச் சாரம். சங்கப் பெண்கள் கரையில் நின்று, அண்ணன் முறை சொல்லி அழைத்து, "நானா, அது சாயுது", "நானா, இன்னும் ஆழமா" என்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். முடித்ததும் வலையைக் கொடுத்துவிட்டோம்.

சோளகம் ஓய்ந்து ஓடையைத் திறந்தபோது, உள்ளங்கையை மூடும் அளவுக்குப் பெரிய நண்டு வலையில் ஏறியது. அந்தக் கதை களப்பு தாண்டிப் போய், அக்கரை மீனவர்கள் சிலர் சங்கம் செய்ததைக் கேட்டறிய மதினியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மதினி வாயைத் திறக்குமுன் என் கணவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஓடைய மூடத்தான் வேணும். ஊராக்கள் முதல்ல கேக்க மாட்டாங்க, களவா வலை போடுவாங்க. நாமதான் கண்டிப்பா நிக்கணும். நான் அப்புடித்தான் நிண்டன்."

அவர்கள் பக்தியோடு தலையாட்டினார்கள். தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் நானும் மதினியும் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம்.