அக்கா திருத்தாமல் விட்ட எழுத்துகள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் யார் எழுதுவது என்று குடும்பத்தார் கூடிப் பேசியபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். சுங்கைப் பட்டாணியில் வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்பவனுக்குப் பொழுது நிறைய இருக்கும் என்பது உறவினர்களின் நெடுநாள் நம்பிக்கை. தம்பி என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் சீவினார். அம்மா புல் வெட்டினார். பிறகு தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்தார்கள், நாங்கள் கூலிம் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தோம். அக்கா பகலில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படித்து, பாலர் பள்ளி ஆசிரியரானார். மாமாவை மணந்து, மகள் பிறந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. கோபம் வந்தால் அக்கா கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை என்று மாமா என்னிடம் பலமுறை புலம்பியிருக்கிறார்.

அவருடைய வகுப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். காலையில் எழுத்துகளை முறையாகச் சொல்லிக்கொடுப்பார். அது முடிந்ததும் வெற்றுத்தாளையும் பென்சிலையும் கொடுத்து, மனத்தில் இருப்பதைக் காதில் கேட்கிறபடி எழுதுங்கள் என்பார். பிள்ளைகள் எழுதும். கால் இருக்காது, கொம்பு இருக்காது, புள்ளி எங்கோ போயிருக்கும். “அபா கடக பனரு” என்று ஒரு பையன் எழுதியதை எனக்குக் காட்டினார். நான் விழித்தேன். அப்பா கடைக்குப் போனாராம். எழுதியவன் விரல் வைத்து, தடுமாறாமல் படித்துக் காட்டினானாம்.

“தப்பா இருக்கே, ஏன்க்கா திருத்தல?” என்றேன்.

“அவன் காதுக்கு எட்டுனத எழுதியிருக்கான்டா. கொஞ்ச நாள் போவட்டும், மிச்சமும் கேக்கும், அவனே போட்டுக்குவான். இப்பவே நான் சிவப்பு மையில கிழிச்சேன்னா, நாளைக்கு தெரிஞ்ச சொல்ல மட்டுந்தான் எழுதுவான். மத்தத எல்லாம் முழுங்கிருவான்.”

இந்தத் தாள்களை அக்கா வகுப்புச் சுவரில் ஒட்டுவார். வினை அங்கேதான் வந்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவர், மகள் யாழினியை விட வந்தவர், அந்தச் சுவரைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். “இதுவா பாடம்? அந்தத் தாடிக்காவுல பிள்ளைங்க அச்சடிச்ச மாதிரி எழுதுதுங்க லா” என்று கீழே ஒரு வரி. பக்கத்துத் தனியார் பாலர் பள்ளியைத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் மகள் தலைகுனியக் கூடாது என்ற பயம் அவருக்கு. ஆனால் பலரும் அவர் பக்கம் சேர்ந்தார்கள். பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூட வேண்டியதுதான் என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது.

அக்கா பதில் எழுதவில்லை. பெற்றோர் தினத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாளைத் தானே படிக்கும், வந்து கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டில் படித்துப் பழகட்டும் என்று தாள்களைக் கொடுத்தனுப்பினார்.

நம் ஆட்களைத்தான் தெரியுமே. வெளியே கிளம்பினால் பிள்ளைக்குப் பவுடர் பூசாமல் விடுவோமா? தாளுக்கும் பூசிவிட்டார்கள். பிள்ளை எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு, பெரியவர்களே முத்து முத்தாக எழுதி அனுப்பினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவில்லை. அவரவர் வீட்டில், சபையில் மானம் போகக் கூடாது என்று அவரவர் செய்தது.

நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னை அழைத்திருந்ததால் நானும் அன்று அங்கே இருந்தேன். முதல் பையன் மைக் முன்னால் நின்று தாளையே பார்த்தான். வாய் திறக்கவில்லை. அடுத்தவளும் அப்படித்தான். மூன்றாவதாக யாழினி வந்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள், பிறகு தகப்பனாரைப் பார்த்தாள்.

“டீச்சர், இது நான் எழுதல” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா முகம் சிறுத்துப் போனது எனக்குத் தெரிந்தது. பேச்சை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். அவரோ ஒரு வெற்றுத்தாளை மேசையில் வைத்து, “அப்ப உன்னோடத எழுதும்மா, நாங்க இருக்கோம்” என்றார். அத்தனை பேரும் காத்திருந்தோம். அவள் உதட்டை அசைத்து அசைத்து எழுதினாள். எழுந்து நின்று படித்தாள்.

“அப்பா நைட் ஷிப்ட். பகல்ல தூங்குவாரு. நான் சத்தம் போட மாட்டேன்.”

தகப்பனார் எழுந்து வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். “அவ எங்கிட்ட சொல்லவே இல்ல டீச்சர்” என்றார். சில குடும்பங்கள் அதன் பிறகும் பிள்ளைகளை மாற்றிக்கொண்டன. யாழினி மாறவில்லை, வகுப்பும் மூடப்படவில்லை. நோய் முற்றும் வரை அக்கா அங்கேதான் வேலை பார்த்தார்.

மருத்துவமனைக்கு அருகில் என்பதால் கடைசி மாதங்களைச் சுங்கைப் பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் இருக்கும் என் வீட்டில் கழித்தார். வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. எனக்கு இன்றும் அந்த அறைக்குள் நுழைய மனம் வருவதில்லை.

அவருடைய கடைசி வகுப்புப் பிள்ளைகள் இந்த மலருக்காக ஆளுக்கொரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். அதைத் திருத்தித்தான் அச்சடிக்க வேண்டும் என்று சின்னம்மா உறுதியாக நின்றார். “நாலு பேரு கையில போறது. டீச்சர் குடும்பத்துல இப்பிடியான்னு சிரிப்பாங்க” என்றார். எப்போதும் எந்தப் பக்கமும் சேராத மாமா, “அவ கை வைக்காததுல நாம கை வைக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு முடிந்தது.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும், இறுதிச் சடங்கில் சமையல் முதல் கூடாரம் வரை ஏற்றுச் செய்த அண்டை வீட்டாருக்கும், இரவு வேலை முடித்த கையோடு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த யாழினியின் தகப்பனாருக்கும், இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு உள்ளபடியே அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளின் வரிகள் அடுத்த பக்கத்தில் இருக்கின்றன. முதல் வரி “டிசர் எப வருவக” என்றிருக்கிறது. அந்தக் கேள்வியைப் படிக்க எங்கள் வீட்டில் யாரும் தடுமாறவில்லை.