சாத்திய கதவின் முன் வந்த பஸ்

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று இன்னும் பிடிபடவில்லை.

மலாக்காவில் காஜா பேராங் பக்கம், செட்டிமார் வீடுகளை ஒட்டித்தான் என் வீடு. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கியவர்கள். அவர்களும் நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் வயது. அவர் என்னை ‘அபாங்’, அண்ணன், என்பார், நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன்.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த பிறகு ஊர் பார்க்க வருகிறவர்கள் அதிகமானார்கள். நான் மூன்று சக்கர ரிக்‌ஷா மிதித்தேன். என் கூட்டாளிக்கு ஆங்கிலம் வரும், பேச்சு அவனுடையது. கோட்டையையும் ஆற்றையும் காட்டியது போதாது, செட்டிமார் வீடுகளையும் காட்டலாம் என்றான். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க என்னைத்தான் அனுப்பினான். நான் வாய் திறந்து ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டுச் சம்மதம் சொன்னார். வண்டி பெரிய ரோட்டிலேயே நிற்க வேண்டும், சந்துக்குள் நடந்துதான் வர வேண்டும். ஒரு வண்டி ஆள் போன பிறகே அடுத்த வண்டி ஆள். வருகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்கள் செய்யும் பலகாரத்தை வாங்கிச் சாப்பிட வேண்டும். கதவு சாத்தியிருக்கும் நாளில் யாரும் வரக் கூடாது. கூட்டாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் போனது. சந்தில் குப்பை விழவில்லை, பெண்களுக்கும் கையில் ஏதோ சேர்ந்தது.

பழம் பழுக்கும் மாதங்களில் அவர்கள் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். இலையில் எல்லாம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே வந்துவிடுவார்கள். உள்ளே இறந்தவர்கள் சாப்பிடுவதாக நம்பிக்கை. அந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா இறந்த முதல் வருடம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முற்றத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

சந்துக்குள் பஸ் வந்தது. கூட்டாளி முன்னால் இறங்கினான், பின்னால் வெள்ளைக்காரர்கள். வீட்டுக்காரர் எழுந்து வருவதற்குள் ஓர் அம்மாள் கதவைத் தள்ளிவிட்டாள். இன்னொருவர் படம் பிடித்தார். உள்ளே டுரியான், ரம்புத்தான் பழங்களும் மீன் குழம்பும் அப்படியே இருந்தன. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

வீட்டுக்காரர் கூட்டாளியைக் கேட்டார். அவன் என்னைக் காட்டி மலாயில் சொன்னான்: “இவர்தான் பரவாயில்லைன்னு சொன்னாரு.”

நான் உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தபடியே நின்றார். பிறகு உள்ளே போய் இலையை மடித்தார். அப்பா சாப்பிடாமலே எழுந்துபோன இலையை மடிப்பது போல இருந்தது.

மறுநாள் ரோட்டோரக் காப்பிக்கடையில் கூட்டாளியைப் பிடித்தேன்.

“ஏன்டா அப்படிப் பண்ணே?”

“கதவு சாத்தியிருந்தாத்தான்டா உள்ளே என்னன்னு பாக்க ஆசை வரும். உனக்கு மிதிக்கத் தெரியும், ஏவாரம் தெரியாது.”

“என்னை ஏன் இழுத்தே?”

“உன்னைச் சொன்னாத்தானே நம்புவாங்க. நீ என்ன, எழுந்து இல்லைன்னு சொல்லவா போறே? காப்பியக் குடி, ஆறுது.”

காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். என் கூச்சத்தை அவன் முன்னாலேயே கணக்கில் எடுத்திருக்கிறான். பஸ் வந்ததைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு சந்துக்குள் எவரையும் விடவில்லை. பலகாரம் விற்ற பெண்களுக்கு அந்த வரும்படியும் போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கண்டால் தலையசைப்பார். ‘அபாங்’ என்று கூப்பிடுவதில்லை.

இப்போது நகராட்சியில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னும் வசதி செய்யப் போகிறார்களாம். யோசனை கேட்க என் கூட்டாளியைத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் சம்மதிப்பார்கள் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். சம்மதத்தை அந்த வீட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு தடவை கொடுத்தது எல்லா நாளுக்கும் ஆகாது. வேண்டாம் என்றால் திரும்பிப் போகிற ஆள்தான் கேட்கப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தமிழ் படிக்க வராது. இதை அவர் கையில் கொடுத்துப் பயனில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பதை மலாயில், என் வாயால்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை முழுவதையும் எழுதிப் பார்த்தேன்.

மலாக்கா, 9 மார்ச் 1962