வாயில் குண்டூசி

மகளின் பள்ளி நாடகத்துக்கான ராணிப் பாவாடையில் சரிகை ஒட்டப் பசையைத் திறந்ததும் எழுந்த புளித்த வாடை, மாட்டுப்பட்டி மலைப்பக்கம் நாங்கள் குடியிருந்த தேயிலை எஸ்டேட்டின் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, என்னைக் கொண்டுபோய்விட்டது. இன்று அங்கே ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. அன்று, எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தின் உடுப்புகளையெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு அம்மாதான் தைப்பாள். தகரத்தில் மழை இரைய, தையல் மெஷின் தடதடக்க, ஈரக் கம்பளியும் பசையும் மணக்கும் அந்த ஒற்றை அறையில் என்னை முக்காலிமேல் நிறுத்தி, ராணியின் பாவாடையை என் இடுப்பில் சுற்றிக் கொசுவம் பிடித்துக்கொண்டே வருவாள்.

"நாந்தானம்மா ராணி?"

உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கடித்திருந்த அம்மா, "ம்" என்றாள்.

பெரிய கிளார்க்கின் மகளுக்கும் எனக்கும் ஒரே அளவு என்பதும், அளவு கொடுக்க அவள் லயத்துக்கு இறங்கி வரமாட்டாள் என்பதும், மேடையில் அவளை அந்தப் பாவாடையில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

"வாயில ஊசிய வச்சுக்கிட்டு என்னத்தடி சொல்றது?" என்றாள் அம்மா, ஏன் பொய் சொன்னாய் என்று அன்றிரவு நான் கேட்டபோது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று என் மகள் ஸ்டூல்மேல் நின்றாள். ராணியாக நடிப்பது வேறொரு பிள்ளை. இருவருக்கும் ஒரே உயரம், இவளுக்குப் போட்டுப் பார்த்தே தைத்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் நானேதான் சொல்லியிருந்தேன். இப்போதே சொல்லிவிடலாமா, முடித்தபின் சொல்லலாமா, அழுவாளோ என்று யோசித்தபடியே கொசுவம் பிடித்தேன்.

"அம்மா, இது எனக்குத்தான?"

என் வாயில் நான்கு குண்டூசிகள் இருந்தன. எடுத்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம்.

"ம்" என்றேன்.