நெஞ்சின் மேல் கடிகாரம்

பெங்களூரு ஆஸ்டின் டவுன் டயாலிசிஸ் சென்டரில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவருடையது. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சிறுநீரகம் வடிகட்டாத கழிவு ரத்தத்தில் தேங்கியதால் எங்கள் இருவருக்குமே உடம்பெல்லாம் அரிப்பு. சோறு வாயில் இரும்பாகக் கசக்கும். அவர் கைகளில் சொறிந்த தழும்பு இல்லாத இடமில்லை. ஊசி குத்துவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைக் கழற்றி, நான்கு மணி நேரமும் மெஷின் முழுசாக ஓடுகிறதா என்று பார்க்க நெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் மெஷின் நடுவில் பத்து நிமிடம் நின்றுபோனது. நான்கு மணி நேரம் ஆனதும் நர்ஸ் ஊசியை எடுக்க வந்தார்.

"நின்ன பத்து நிமிஷத்தையும் ஓட்டும்மா."

"அடுத்த பேஷண்ட் வெயிட் பண்றாரு, அங்கிள்."

"வெடி வெச்சா, விஷப்புகை முழுசா போற வரைக்கும் சுரங்கத்துல யாரையும் உள்ள விட மாட்டேன். மேனேஜரையே நிறுத்தி வெச்சிருக்கேன். இப்ப என் ரத்தத்துல விஷத்தை மிச்சம் வெச்சுக்கிட்டு நான் எழுந்து போகணுமா?"

மெஷின் மறுபடி ஓடியது.

நான் எப்போதும் அரை மணி முன்னதாகவே ஊசியை எடுக்கச் சொல்கிறவன். அடுத்த முறையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தன் கடிகாரத்தை நர்ஸிடம் கொடுத்து, என் நெஞ்சின் மேல் வைக்கச் சொன்னார். அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.